கரிய கிறிஸ்து

குர்லாவில் எங்கள் வீட்டுக் கூடத்திலே முருகன் படத்திற்கருகில் ஏசுநாதர் படம் ஒன்றும் தொங்குகிறது. வெளுத்த முகம், தோளில் புரளும் கூந்தல், நெற்றியிலே படரும் ஒளி. அமெரிக்க ஓவியர் வார்னர் சால்மன் 1940இல் தீட்டியது. கோடிக்கணக்கில் அச்சாகி உலகெங்கும் பரவியது. கருணை வழியும் முகந்தான், மறுக்கவில்லை.

அண்மையில் கிறிஸ்தவ நண்பர் ஒருவருக்கு வேறொரு படத்தைக் காட்டினேன். கோவாவிற் பிறந்து பம்பாயில் ஓவியம் பயின்ற எஃப். என். சூசா 1959இல் தீட்டிய சிலுவைக் காட்சி அது. இன்று இலண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. கரிய மேனி, முள்முடி மட்டுமா, உடலே முள்ளாகி நிற்கும் கோலம். நண்பர் முகம் சுளித்தார். “இவ்வளவு கறுப்பாகவா ஆண்டவர் இருப்பார்? இது அவமதிப்பு!” என்றார்.

நண்பரும் கறுப்பர், நானும் கறுப்பன். அதனாலேயே அச்சொல் என்னை உறுத்தியது.

ஏசுவின் முகச்சாயலை நற்செய்தி நூல்கள் நான்கும் கூறவில்லை. உரோமாபுரியின் நிலவறைக் கல்லறைகளில் பழங்காலக் கிறிஸ்தவர்கள் அவரைத் தாடியில்லாத இளம் மேய்ப்பனாய், தோளில் ஆடு சுமப்பவனாய் வரைந்தனர். காணாமற்போனதைத் தேடிச் சுமக்கும் அன்பே அவர்கள் காட்ட விரும்பியது, சாயலன்று.

கோவா ஓவியர் ஆஞ்செலோ த ஃபொன்சேகா (1902–1967), சாந்திநிகேதனில் பயின்று திரும்பி, மரியன்னைக்குச் சேலை உடுத்தி, கிறிஸ்துவை இந்தியராய்த் தீட்டினார். சொந்த ஊரிலே எதிர்ப்பு மூண்டது. புனாவிற்குப் பெயர்ந்து அங்கே தம் பணியைத் தொடர்ந்தார்.

தில்லைக் கூத்தனின் நான்கு கரங்களைக் கண்டு, ‘இஃது உண்மை உருவமா?’ என்று நாம் கேட்பதுண்டோ? உடுக்கை படைப்பு, தீ அழிப்பு, தூக்கிய திருவடி அருள் என்று பொருளையன்றோ காண்கிறோம்! திருமாலைக் கார்வண்ணன் என்று போற்றிய மொழி நம்முடையது. அம்மொழி பேசும் நமக்குக் கறுப்பு எப்போது இழிவாயிற்று?

வழிபடும் உருவத்தின் மேல் அன்பர்க்குள்ள பற்றை நான் அறிவேன். பழைய படத்தைக் கழற்றச் சொல்லவில்லை. ஆனால் கிறிஸ்து சிலுவையில் ஏற்றது மனிதரின் துன்பத்தை என்றால், வெயிலிற் கருகி மூட்டை சுமக்கும் நம் தெருத் தொழிலாளியின் மேனியில் அவரைக் காண்பது எங்ஙனம் அவமதிப்பாகும்?

நண்பர்களே! நம் நிறத்தில் தெய்வத்தைக் காண நாணுகிறோமென்றால், குறை ஓவியத்தில் இல்லை. நம் கண்ணில்தான் இருக்கிறது.