பத்து தடவை இழுத்தும் எஞ்சின் பிடிக்கவில்லையா?

கரையில் ஒரே இழுப்பில் ஓடிய எஞ்சின், வலை வாங்கி முடித்ததும் நடுக்கடலில் முரண்டு பிடிக்கும். காற்றும் நீரோட்டமும் படகைத் தள்ளிக்கொண்டே போகும். வெறிபிடித்த மாதிரி கயிற்றை இழுத்தால் தோள்பட்டைதான் போகும். ஆழம் இடம் கொடுத்தால் முதலில் நங்கூரத்தைப் போடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஃபைபர் படகின் பின்னால் மாட்டும் சின்ன ஓபிஎம் எஞ்சின்கள் பலவற்றில் பேட்டரியே கிடையாது. கயிற்றை இழுக்கும்போது சுழலும் ஃப்ளைவீலின் காந்தம்தான் காயிலில் மின்சாரத்தை உண்டாக்குகிறது. மெதுவாக இழுத்தால் பொறி வராது. இறுக்கம் தட்டும்வரை மெல்ல இழுத்து, அங்கிருந்து விசுக்கென்று இழுக்க வேண்டும்.

அடுத்து, எஞ்சினை நிறுத்தும் சுவிட்சைப் பாருங்கள். பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் வலை தட்டிக் கழன்றிருந்தால், நூறு தடவை இழுத்தாலும் பிரயோஜனமில்லை. சிரிக்காதீர்கள், பழகிய கைகளுக்கும் இது நடக்கும்!

கிளிப் சரியாக இருந்தால் பிளக்கைக் கழற்றுங்கள். பாதி பதில் அதில் இருக்கிறது. காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. டேங்க் மூடியின் காற்றுத் துளை, ஓஸ், ஃபில்டர் என்று தேடுங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. சோக்கை விலக்கி, கிளிப்பையும் எடுத்துவிட்டு, பிளக் இல்லாமலே ஐந்தாறு முறை இழுத்தால் உள்ளே தேங்கியது வெளியேறும். சிந்தியதைத் துடைத்து, ஆவி அடங்கியதும் புது பிளக்கைப் போட்டு, கிளிப்பை மறக்காமல் மாட்டி இழுங்கள்.

பிளக்கை எஞ்சினில் தொடவைத்துப் பொறி பார்க்கும் வேலையெல்லாம் கரையில்தான். பெட்ரோல் ஆவி சூழ்ந்த படகில் அது தீயோடு விளையாட்டு. கரையிலும் டெஸ்டர் வைத்துப் பார்ப்பதே பத்திரம். நீலமாகச் சுள்ளென்று வந்தால் நல்லது. புது பிளக்கிலும் பொறி இல்லையென்றால் முதல் சந்தேகம் உப்பின் மேல். வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்தும் சுவிட்சின் வயரைக் கழற்றியதும் பொறி வந்தால், பழுது சுவிட்சில். அப்போதும் வராவிட்டால் காயில், சிடிஐ என்று மெக்கானிக் பார்க்க வேண்டியதுதான்.

மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறீர்கள். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்டுகிறீர்களா? இல்லையென்றால் கார்ப்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். ஆறிய எஞ்சின் அதில் லேசில் பிடிக்காது. ‘கரண்ட் வரவில்லை’ என்று நல்ல காயிலை மாற்றிக் காசைத் தொலைப்பது இப்படித்தான்.

தண்ணீர் புகாத டப்பாவில் புது பிளக் இரண்டு, பிளக் ஸ்பேனர், காய்ந்த துணி எப்போதும் படகில் இருக்கட்டும். அதற்கும் மசியாவிட்டால் இருட்டும்வரை மல்லுக்கட்ட வேண்டாம்; சிக்னல் இருக்கும்போதே கடலோரக் காவல்படையின் 1554-ஐ அழையுங்கள்.