பள்ளிக்கூடச் சோறு வீணா?

பகல் மணி 12-30. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறது. குழந்தைகள் தட்டை எடுத்துக் கொண்டு ஓடுகிறார்கள். வரிசையாக உட்காருகிறார்கள். சோறு விழுகிறது. சாம்பார் விழுகிறது. கால் மணி நேரத்தில் தட்டு காலி!

இதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பது உண்டு.

"படிக்க வந்த பிள்ளைக்குச் சோறு எதற்கு? சோறு போடுவது பெற்றவர் கடமை அல்லவா? சர்க்கார் பணம் இப்படிக் கரையலாமா?" என்று கேட்கிறார்கள்.

இது பழைய கேள்வி. முன்பு, "ஏழைப் பிள்ளை பாவம்" என்றுதான் இதற்குப் பதில் சொன்னார்கள். இன்று அதைவிட நல்ல பதில் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். குழந்தைகளின் உயரத்தை அளந்தார்கள். யார் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதினார்கள். அந்தக் கணக்கு பதில் சொல்லுகிறது.

ஓர் அணாவில் தொடக்கம்

1920-ம் ஆண்டில் சென்னை ஆயிரம் விளக்கில் இருந்த கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பகல் உணவு கொடுக்கத் தீர்மானம் ஆயிற்று. அப்போது கார்ப்பரேஷனுக்குத் தலைவர் தியாகராயர். ஒரு பிள்ளைக்கு நாள் ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவு ஆகக் கூடாது என்பது நிபந்தனை.

1956-ம் ஆண்டில் முதல்-மந்திரி காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஊர் மக்கள் அரிசியும் பருப்பும் பணமும் கொடுத்தார்கள். சர்க்காரும் கை கொடுத்தது.

1982-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல்-மந்திரி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். "இது வீண் செலவு" என்று படித்தவர்கள் பலர் அப்போது சொன்னார்கள். கருணாநிதி காலத்தில் தட்டில் முட்டை சேர்ந்தது. 2022-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி முதல்-மந்திரி ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

கட்சிகள் மாறின. ஆட்சிகள் மாறின. பள்ளிக்கூடத்து அடுப்பை மட்டும் யாரும் அணைக்கவில்லை.

அரிசியா? சோறா?

நாடு முழுவதற்குமான திட்டத்தை மத்திய சர்க்கார் 1995-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி தொடங்கியது. ஆனால் பல ராஜ்யங்களில் சமைத்துப் போடவில்லை. மாதம் 3 கிலோ தானியம் கொடுத்து அனுப்பி விட்டார்கள்.

தானியம் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? வீட்டில் உள்ள எல்லோரும் பங்கிட்டுக் கொள்வார்கள். பிள்ளையின் வயிற்றுக்குப் போவது கொஞ்சம்தான். சமைத்த சோறு அப்படி அல்ல. சாப்பிட வேண்டுமானால் பிள்ளை அன்றாடம் பள்ளிக்கூடத்துக்கு வந்தாக வேண்டும்!

இந்த விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. "சமைத்த உணவே போட வேண்டும். ஆண்டுக்கு 200 நாட்களுக்குக் குறையக் கூடாது" என்று 2001-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி கோர்ட்டு உத்தரவிட்டது.

இரவுச் சோறு குறைந்ததா?

அப்போது இன்னொரு சந்தேகம் எழுந்தது. "பள்ளிக்கூடத்தில்தான் சாப்பிட்டு விட்டாயே, இரவுக்குக் கொஞ்சம் போதும்" என்று வீட்டில் குறைத்து விட்டால்? சர்க்கார் போட்ட சோறு பிள்ளைக்குக் கூடுதலாகச் சேராதே!

பர்சானா அப்ரிதி என்ற பொருளாதார அறிஞர் மத்தியப் பிரதேசக் கிராமங்களில் இதை ஆராய்ந்தார். பள்ளிக்கூடம் உள்ள நாளிலும் இல்லாத நாளிலும் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று கணக்கு எடுத்தார். முடிவு 2010-ம் ஆண்டில் வெளிவந்தது. பள்ளிக்கூடத்தில் கிடைத்த சத்தில் பெரும்பகுதி பிள்ளைக்குக் கூடுதலாகவே சேர்ந்திருந்தது. ஏழைத் தாய் பிள்ளையின் இரவுச் சோற்றைப் பிடுங்கிக் கொள்ளவில்லை.

ஆந்திராவில் நடந்த ஆராய்ச்சி இன்னொன்று. அங்கே 2002-ம் ஆண்டை ஒட்டிக் கடும் வறட்சி. அப்போது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் வளர்ச்சி குன்றிப் போனார்கள். அவர்களில் பின்னால் பள்ளிக்கூடச் சோறு சாப்பிட்டவர்கள், இழந்த வளர்ச்சியைத் திரும்பப் பிடித்தார்கள் என்று தெரிய வந்தது.

தாய் உண்டாள், சேய் வளர்ந்தது

எல்லாவற்றையும் விட வியப்பான செய்தி 2021-ம் ஆண்டில் வந்தது. சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் நாடு முழுவதும் எடுத்த பல ஆண்டுப் புள்ளி விவரங்களை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள்.

1999-ம் ஆண்டில், 6 வயது முதல் 10 வயது வரை உள்ள 100 சிறுமிகளில் 6 பேருக்குத்தான் பள்ளிக்கூடச் சோறு கிடைத்தது. 2011-ம் ஆண்டில் 46 பேருக்குக் கிடைத்தது.

சோறு சாப்பிட்ட அந்தச் சிறுமிகள் வளர்ந்தார்கள். கல்யாணம் ஆயிற்று. குழந்தை பெற்றார்கள். அந்தக் குழந்தைகளை அளந்து பார்த்தால், சோறு கிடைக்காத தாய்மார்களின் குழந்தைகளை விட உயரமாக இருந்தார்கள்! ஏழைக் குடும்பங்களில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகமாகத் தெரிந்தது.

இது எப்படி? சோறு கிடைத்த பெண் கூடுதலாகச் சில வகுப்புகள் படித்தாள். பிள்ளைப் பேறும் சற்றுத் தள்ளிப் போயிற்று. கர்ப்பமானபோது ஆஸ்பத்திரிக்குப் போகத் தெரிந்து கொண்டாள். அதன் பலன் வயிற்றுப் பிள்ளைக்குக் கிடைத்தது.

உயரம் கூடியதற்குச் சோறு ஒன்றே காரணம் என்று சொல்லி விட முடியாது. நல்ல தண்ணீர், கக்கூஸ், தடுப்பு ஊசி எல்லாம் சேர வேண்டும். ஆனாலும் 2006 முதல் 2016 வரை இந்தியக் குழந்தைகளின் உயரத்தில் ஏற்பட்ட முன்னேற்றத்தில், 100-க்கு 13 முதல் 32 பங்கு வரை இந்தச் சோற்றுடன் தொடர்பு உள்ளது என்று அவர்கள் கணித்தார்கள்.

எனவே இது தர்மச் சோறு அல்ல. அடுத்த தலைமுறைக்குப் போட்ட விதை.

அடுப்படியில் நிற்கும் பெண்

பலன் இவ்வளவு பெரியது. இதைச் சமைத்துப் போடுகிறவர்கள் யார்?

நாடு முழுவதும் சுமார் 25 லட்சம் பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள். மிகப் பெரும்பாலோர் பெண்கள். புகையிலும் அனலிலும் நின்று சமைக்கிறார்கள். பாத்திரம் துலக்குகிறார்கள். பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறார்கள்.

2009-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வகுத்தது. அதுவும் ஆண்டில் 10 மாதங்களுக்குத்தான். மாதம் 25 நாள் வேலை என்று வைத்துக் கொண்டால் நாளுக்கு 40 ரூபாய் ஆகிறது! 15 ஆண்டு கழித்து, 2024-ம் ஆண்டிலும் அந்த 1,000 ரூபாய் மாறவில்லை. சில ராஜ்யங்கள் தங்கள் பணத்தைப் போட்டுக் கூட்டிக் கொடுத்தன. சில ராஜ்யங்கள் கொடுக்கவில்லை. இதற்குச் சம்பளம் என்று பெயர் இல்லை. "மதிப்பூதியம்" என்று பெயர். பெயரில் இருக்கும் மதிப்பு தொகையில் இல்லை.

தமிழ்நாட்டில் 1982-ம் ஆண்டிலேயே அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று வேலை கொடுத்தார்கள். விதவைகளுக்கும் ஆதரவு இல்லாத பெண்களுக்கும் முதல் இடம் கிடைத்தது. எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிந்தது. ஆனாலும் முழு ஊழியருக்கு உரிய சம்பளமும் பென்ஷனும் கேட்டு அவர்கள் பல தடவை தெருவில் நின்று போராட வேண்டி இருந்தது.

சம்பளம் மட்டும் அல்ல. தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்குச் சமையல் வேலையில் முன்னுரிமை தர வேண்டும் என்று 2004-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஆனால், "அவள் சமைத்ததை என் பிள்ளை சாப்பிடாது" என்று சொன்ன பெற்றோர் உண்டு. தமிழ்நாட்டிலும் உண்டு. பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பெரியவர்கள்தான் கெடுக்கிறார்கள்!

சிக்கனம் எதில்?

2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம் தீப்பற்றியது. சமையல் கூடத்து நெருப்பு கீற்றுக் கூரையில் பிடித்தது. 94 குழந்தைகள் கருகி மாண்டார்கள். 2013-ம் ஆண்டு அதே ஜூலை 16-ந் தேதி பீகாரில் சாப்ரா அருகே பள்ளிக்கூடச் சோற்றில் பூச்சி மருந்து கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள்.

இதனால் சோறு போடுவதை நிறுத்தக் கூடாது. நல்ல சமையல் கூடம் கட்ட வேண்டும். பூட்டுள்ள சாமான் அறை வேண்டும். சமைப்பவருக்குப் பயிற்சியும் வயிறு நிறையும் சம்பளமும் வேண்டும். பள்ளிக்கூட அடுப்படியில் காசு மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது.

பெற்றோருக்கும் கடமை உண்டு. மாதம் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்க்கலாம். அரிசியைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கலாம். சமைத்த அம்மாளிடம், "சம்பளம் சரியாக வருகிறதா?" என்று கேட்கலாம்.

இன்று தட்டோடு உட்காரும் சிறுமி நாளைக்கு ஒரு தாய். அவளுக்குப் போடும் சோறு அவள் பெறப் போகும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.