கொசுவின் தலையில் பழி

பன்றிகளைப் பற்றிக் கட்டுரையா என்று முகம் சுளிக்கிற வாசகர்கள் இரண்டு நிமிஷம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பன்றியைவிடப் பிடிவாதமான ஒரு பிராணியும் இதில் வருகிறது. அதற்கு நிபுணர் என்று பெயர்.

1998 செப்டம்பரில், மலேசியாவில் ஈப்போ நகரை அடுத்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் காய்ச்சலில் படுத்தார்கள். பிறகு நினைவு தப்பியது; பலர் எழுந்திருக்கவே இல்லை. ‘ஜப்பானிய மூளைக்காய்ச்சல்’ என்று அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். அந்த நோயும் பன்றியிடமிருந்து கொசு மூலமாக மனிதனுக்கு வருவதுதான். சில நோயாளிகளின் இரத்தத்தில் அதன் அடையாளமும் தென்பட்டது. ஆகவே முதலில் அப்படி நினைத்ததில் குற்றமில்லை. மாதக்கணக்கில் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார்களே, அதற்கு என்ன சமாதானம் சொல்வது?

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைப் பிடிப்பது. இங்கே படுத்தவர்களோ திடகாத்திரமான ஆண்கள். கொசு, பன்றி வளர்ப்பவன் யார், பக்கத்து வீட்டுக்காரன் யார் என்று விசாரித்தா கடிக்கும்? பன்றியோடு பழகியவன்தான் விழுந்தான். தடுப்பூசி போட்டுக்கொண்டவனும் விழுந்தான். மூளைக்காய்ச்சல் கண்ட வளர்ந்த பன்றி சாதாரணமாக வெளியே தெரியாமலே தேறிவிடும். இந்தப் பன்றிகளோ ஊர் கேட்க இருமின. இதையெல்லாம் பண்ணைக்காரர்கள் தினம் தினம் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் பன்றி வளர்ப்பவன் பேச்சு ஆபீஸ் மேஜை வரையில் எட்டுமா? கொசு மருந்துப் புகைதான் ஊரெல்லாம் சூழ்ந்தது. அதற்குள் நோய்கண்ட பன்றிகள் விலை பேசப்பட்டு, லாரி ஏறித் தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் போய்விட்டன. நோயும் கூடவே போயிற்று. சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் தொழிலாளர்கள் 11 பேரையும் அது பிடித்தது, ஒருவர் மாண்டார்.

1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பயிற்சியிலிருந்த சுவா கா பிங் என்ற டாக்டர், நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து கிருமியைப் பிரித்து, அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு பறந்தார். அது முற்றிலும் புதிய வைரஸ். அதற்குக் கொசுவின் தயவே தேவையில்லை. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் நேராகவே வந்திருக்கிறது. பன்றிக் கொட்டிலின் ஓரத்திலேயே மாமரங்களை நட்டு வௌவாலுக்கு விருந்து வைத்தவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சீனர்கள், பண்ணைகளில் உழைத்த இந்தியர்களும் உண்டு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். பிறகு அந்த வைரஸுக்குப் பெயர் வேண்டுமல்லவா? நோயாளியின் கிராமமான சுங்கை நிப்பாவின் பெயரைச் சூட்டி, ‘நிப்பா’ என்றார்கள். கொசுவைத் துரத்திக்கொண்டிருந்த எந்த ஆபீஸின் பெயரையும் சூட்டவில்லை.