மெக்சிகன் சூரியகாந்தி: உப்பு நீருக்குத் தாங்குமா?

கேள்வி: வீட்டுக் கொல்லையில் பூசணி, பாகல் போட்டிருக்கிறோம். பூ நிறைய வருகிறது. பிஞ்சு வெம்பி உதிர்கிறது. மெக்சிகன் சூரியகாந்தி வைத்தால் தேனீ வரும் என்கிறார்கள். எங்கள் கிணற்று நீர் உப்பு. இந்தச் செடி தாங்குமா?
- வாசகி, ஆற்காடு

பதில்: வைக்கலாம். ஆனால் விதை வாங்கும் முன் கிணற்று நீரைப் பரிசோதிக்க வேண்டும். இச்செடி வறட்சியையும் வளமில்லாத மண்ணையும் தாங்கும். அதனால் உப்பையும் தாங்கிவிடும் என்று நம்பக் கூடாது. அது வேறு, இது வேறு.

பாலாற்றுப் படுகையில் இந்த உப்பு எப்படி வந்தது என்பது ஊரறிந்த செய்தி. தோல் கெடாதிருக்கச் சமையல் உப்பு தடவுகிறார்கள். பதனிடும் முன் ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு கழிவுநீரில் சேருகிறது. தோல் ஆலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை, 1996-ல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் குறிப்பிட்டது.

நீர் மாதிரி: மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே நீரால் அலசி, 1 லிட்டர் பிடித்து, தாமதிக்காமல் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்க வேண்டும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம். மின்கடத்தும் திறன் 0.7 டெசிசீமனுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 0.7 முதல் 3 வரை இருந்தால் கவனம் தேவை. 3-ஐத் தாண்டினால் அந்த நீரை நம்பித் தோட்டம் போட வேண்டாம். கூரை மழைநீரைத் தொட்டியில் சேமித்து, சாக்கிலோ தொட்டியிலோ நல்ல மண் நிரப்பிச் சில செடிகள் வளர்க்கலாம்.

ஜிப்சம் போட்டால் எல்லா உப்பும் போய்விடும் என்பது தவறு. அது சோடியத்தால் இறுகிய களர் மண்ணுக்கு மருந்து. கரையும் உப்பு போக நல்ல நீரும் வடிகாலும் வேண்டும். மண் பரிசோதனை முடிவில் சொன்ன அளவே போட வேண்டும்.

விதைப்பு: நிலத்தில் விதைப்பவர்களுக்கு ஆடிப்பட்டம் ஏற்றது, அடுத்து வரும் மழை வேர்ப்பகுதி உப்பைக் கீழே இறக்கும். நன்கு வெயில் படும் இடம் வேண்டும். விதையை ஆழமாகப் புதைக்காமல் மேலாக அழுத்தி, மெல்லிய மண் தூவினால் போதும். 1 முதல் 2 வாரத்தில் முளைக்கும். செடிக்குச் செடி 2 அடி விட வேண்டும். 4 முதல் 6 அடி உயரும்; தண்டு எளிதில் முறியும் என்பதால் குச்சி கட்ட வேண்டும். யூரியா வேண்டாம், இலைதான் பெருகும், பூ குறையும். சுமார் 3 மாதத்தில் ஆரஞ்சு நிறப் பூக்கள் வரும். வாடிய பூவைக் கிள்ளிவிட்டால் தொடர்ந்து பூக்கும். இலை ஓரம் கருகினால் உப்பு மிகுதி என்று சந்தேகித்து, நீரை மாற்ற வேண்டும்.

விதை கேட்கும்போது ஆரஞ்சு நிறப் பூ உள்ள ஒருபருவச் செடி என்று கேட்டு வாங்க வேண்டும். மலைச் சாலையோரங்களில் மஞ்சளாகப் பூத்துப் புதராக மண்டும் இனம் வேறு. கென்யாவில் அதைப் பசுந்தாள் உரமாக்குகிறார்கள். ஆனால் கட்டுப்பாடின்றிப் பரவும் என்பதால் கொல்லைக்கு வேண்டாம்.

ஆலைக் கழிவு கொட்டிய இடமாக இருந்தால், மண்ணில் குரோமியமும் பரிசோதிக்க வேண்டும். முடிவு தெரியும்வரை அங்கே காய்கறி போடவோ, அங்கு விளைந்த தழையை மாட்டுக்குக் கொடுக்கவோ கூடாது. பூச்செடி வைத்தால் மண் சுத்தமாகிவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

பூசணிப் பிஞ்சுக்கு 3 மாதம் காத்திருக்க வேண்டாம். விடிந்ததும் அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும். அடியில் சிறு பிஞ்சு இருப்பது பெண் பூ. பூ விரிந்திருக்கும் காலை வேளையில் பூச்சி மருந்து தெளிக்காதிருந்தால், வரும் தேனீயாவது மிஞ்சும்.