புதிய உஸ்தாதைத் தனியே விடாதீர்கள்



ஷஃபானில் பட்டம் பெற்ற இளம் ஆலிம் ஒருவர், ஷவ்வாலில் ஒரு பெட்டியுடன் நம் ஊர்களுக்கு வந்து இறங்குகிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவரை அறிமுகம் செய்கிறோம். மறுநாள் அஸருக்குப் பின் ஓர் அறையில் அறுபது பிள்ளைகளோடு விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். ஐந்து வயதுக் குழந்தை அலிஃப் ஓதுகிறது. அதன் அருகில் பதின்மூன்று வயதுச் சிறுவன் யாஸீன் ஓதுகிறான். யார் எதுவரை ஓதியுள்ளார் என்று சொல்ல ஒரு பதிவேடும் இல்லை. ஆறு மாதத்தில், "இவருக்குப் பிள்ளைகளை அடக்கத் தெரியவில்லை" என்கிறோம். அவர் போகிறார், இன்னொருவர் வருகிறார். பிள்ளைகள் மீண்டும் முதல் ஜுஸ்உவிலிருந்து தொடங்குகிறார்கள். பன்னிரண்டு வயதாகியும் குர்ஆனை ஒருமுறைகூட முழுமையாக ஓதி முடிக்காத பிள்ளை நம் தெருவில் இருப்பதற்கு, அந்தப் பிள்ளையின் மந்தபுத்தியா காரணம்? நம் அலட்சியமே காரணம் என்கிறோம்.

இதை வெளியிலிருந்து சொல்லவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நெல்லிக்குப்பத்திலிருந்து சென்னைக்குச் சென்று, நெரிசலான ஒரு சந்தின் மாடியில் இயங்கிய மக்தபில் நாமும் இப்படித்தான் பணியைத் தொடங்கினோம். பாதிப் பிள்ளைகள் வீட்டில் உருது பேசினர். மீதிப் பேர் தமிழ். பள்ளி முடிந்து பசியோடு வந்து, கிதாபின் மீதே உறங்கிப் போனவர்கள் சிலர். பிள்ளைகளின் பெயர்களை எவரும் நமக்குச் சொல்லவில்லை. முதல் நாள் நம் கையில் தரப்பட்டது ஒரு பிரம்பு மட்டுமே. அதை நாம் பயன்படுத்தினோம். ஓதத் தெரியாததால் அல்ல, ஓதிக்கொடுக்கத் தெரியாததால் பயன்படுத்தினோம். இன்றும் அதற்காகத் தவ்பா செய்கிறோம். கடுமை காட்டி வளர்க்கப்படும் மாணவன் பொய்யும் ஒளிவுமறைவும் பழகுவான் என்று இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எச்சரித்தார். அந்தப் பெயரை மனனம் செய்த நமக்கு, அவர் சொன்னதை வகுப்பில் செய்து காட்ட ஒருவரும் இல்லை.

இது மதரஸாவுக்கு மட்டும் உரிய நோய் அன்று. தமிழக அரசு 2012 இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தது. 2022 இல் 13,331 காலியிடங்களைத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப ஆணையிட்டபோது, இடைநிலை ஆசிரியருக்கு அறிவித்த தொகை 7,500 ரூபாய். புதியவரைக் குறைந்த கூலிக்கு வைத்து, கடினமான வகுப்பை அவர் தலையில் கட்டுவது நாடெங்கும் உள்ள வழக்கம். ஆனால் அரசு செய்கிறது என்பது நமக்குச் சமாதானம் ஆகாது. நமக்கு வேறொரு முன்மாதிரி உண்டு.

ஹிஜ்ரத்துக்கு முன், நபி (ஸல்) அவர்கள் முஸ்அப் பின் உமைர் (ரலி) அவர்களை யத்ரிபுக்கு ஆசிரியராக அனுப்பினார்கள். அறியாத ஊர், அங்கு அவர் புதிய ஆசிரியர். அவரை அஸ்அத் பின் ஸுராரா (ரலி) தம் வீட்டில் தங்கவைத்தார். போதிக்கும் இடத்துக்கு உடன் சென்று அருகில் அமர்ந்தார். உஸைத் பின் ஹுளைர் ஈட்டியோடு கோபமாக வந்தபோது, வருபவர் தம் கூட்டத்தின் தலைவர் என்று முன்கூட்டியே தெரிவித்தார். முஸ்அப் பதறவில்லை, உட்கார்ந்து கேட்கும்படி வேண்டினார். ஈட்டியோடு வந்தவர் ஈமானோடு திரும்பினார். அடுத்த ஆண்டு அகபாவுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் சென்றார்கள். முஸ்அபின் சிறப்பை மிம்பரில் பேசுகிறோம். அஸ்அத் செய்த வேலையை யார் செய்கிறோம்? இன்றும் ஈட்டி இல்லாமல் கோபத்தோடு மதரஸா வாசலுக்கு வரும் அத்தாமார்கள் உண்டு. அப்போது புதிய உஸ்தாதின் அருகில் அமர்ந்திருப்பவர் யார்?

"ஓதிக்கொடுப்பது அல்லாஹ்வுக்காக, சம்பளப் பேச்சு எதற்கு?" என்பார்கள். இக்லாஸ் அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான கணக்கு. சம்பளம் நம் கணக்கு. குர்ஆன் கற்பிக்க ஊதியம் கூடாது என்றிருந்த ஹனஃபி மத்ஹபின் பிற்கால அறிஞர்களே, ஊதியமின்றேல் கல்வி அழிந்துவிடும் என்று அஞ்சி அதை அனுமதித்தார்கள். வலீமாவில் ஒரு வேளைக்குச் செலவிடும் தொகையை உஸ்தாதின் ஓராண்டுச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; பள்ளிவாசலுக்குப் போட்ட பளிங்குக் கல்லின் விலையையும் சேர்த்துப் பாருங்கள்.

"நாங்களும் கஷ்டப்பட்டுத்தான் கற்றோம்" என்று நம் போன்ற மூத்த உஸ்தாதுகள் சொல்வதும் நியாயமன்று. நம் ஊர்ச் சர்க்கரை ஆலையை எல்லோரும் அறிவோம். கொதிகலனை இயக்கத் தேர்ச்சிச் சான்று பெற்றவர் வேண்டும் என்பது சட்டம். இரும்புக்குக் காட்டும் எச்சரிக்கையை இளம் உள்ளங்களுக்குக் காட்ட வேண்டாமா?

ஆகவே நிர்வாகிகளிடம் நாம் கேட்பது இவையே. முதல் மாதம் முழுவதும் மூத்தவர் ஒருவர் புதிய உஸ்தாதோடு வகுப்பில் அமரட்டும். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சபக்கையும் எழுதிய பதிவேடு ஒன்றை அவரிடம் ஒப்படையுங்கள். ஒருவரிடம் முப்பதுக்கு மேல் பிள்ளைகளைத் தராதீர்கள். பிரம்பை எடுத்துவிடுங்கள். குடும்பம் நடத்தப் போதுமான சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுங்கள். பெற்றோரின் குறைகளை ஒரு நிர்வாகி கேட்டு உஸ்தாதிடம் தனியே சொல்லட்டும். பிள்ளைகள் முன்னிலையில் எவரும் அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

முஸ்அபுக்கு ஓர் அஸ்அத் கிடைத்ததுபோல், இந்த ஷவ்வாலில் நம் மஹல்லாவுக்கு வரும் இளைஞருக்கும் ஒருவர் கிடைக்க அல்லாஹ் அருள்புரிவானாக. அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம். ஆமீன்.