சுவீகாரப் பிள்ளையும் திருச்சபையின் கடமையும்

மகப்பேறற்ற தம்பதிகள் பெற்றோரற்ற குழந்தையொன்றை எடுத்து வளர்ப்பதை நம் நாட்டில் எல்லாச் சமயத்தவரும் நற்செயலென்றே மெச்சுகின்றனர். ஆனால் அப்பிள்ளை வளர்ந்து கலியாணப் பேச்சு எழும்போதும், பாட்டனாரின் காணி பங்கிடப்படும்போதும், மெச்சிய அதே வாய்கள் "இது யாருடைய பிள்ளை?" என்று வினவுகின்றன. இவ்வினாவை எழுப்ப எவருக்கும் உரிமையில்லை. கிறிஸ்து சமயத்தைத் தழுவியோருக்கோ அணுவளவும் இல்லை. இதனையே நாம் இங்கு வற்புறுத்த விரும்புகிறோம்.

சுவீகாரம் பற்றிய கிறிஸ்தவ போதனை சட்டமன்றின் மொழியில் பிறந்தது. பவுல் அடியார் உரோமருக்கும் கலாத்தியருக்கும் எபேசியருக்கும் வரைந்த நிருபங்களில், மனிதர் கடவுளின் மக்களாவதைக் குறிக்க, "மகனாக நிறுத்துதல்" எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லொன்றை ஆளுகிறார். தமிழ் வேதாகமம் அதனைப் "புத்திரசுவிகாரம்" எனப் பெயர்த்தது. மோசேயின் நியாயப்பிரமாணத்தில் சுவீகாரத்துக்கெனத் தனி விதி கிடையாது. உரோமச் சட்டத்திலோ அது நன்கு வேரூன்றிய வழக்கம். சுவீகரிக்கப்பட்டவன் பழைய தந்தையின் அதிகாரத்தினின்று நீங்கிப் புதிய தந்தையின் அதிகாரத்துட் புகுந்தான். அவர் பெயரைத் தாங்கினான். பெற்ற மகனுக்கு நிகரான வாரிசானான். கி.பி. 4 ஆம் ஆண்டில் அகஸ்டஸ் சீசர் திபேரியசைச் சுவீகரித்தமையாலேயே திபேரியசுக்குப் பேரரசின் தலைமை கிட்டியது. ஆகவே உரோமாபுரி மக்கள் பவுலின் சொல்லைச் செவிமடுத்தபோது, பிறர் இரக்கத்தால் உண்டு வாழும் அநாதையை எண்ணியிருக்கமாட்டார்கள். உரிமையோடு முற்றத்தில் நிற்கும் வாரிசையே எண்ணியிருப்பார்கள். பிள்ளையென்றால் உரித்தாளியும் ஆவான் என்றே பவுலும் தம் வாதத்தைக் கொண்டுசெல்கிறார்.

நற்செய்தி நூலும் இதற்குச் சான்று பகரும். மத்தேயு எழுதிய வம்ச அட்டவணை, கன்னி மரியாளிடம் பிறந்த இயேசுவைச் சூசையப்பர் வழியாகவே தாவீதின் குலத்தோடு இணைக்கிறது. இரத்தத் தொடர்பு ஒன்றே உறவு என வாதாடும் கிறிஸ்தவர் புதிய ஏற்பாட்டின் முதலாம் அதிகாரத்தையே மறுத்துரைப்பவர் ஆகிறார் அன்றோ? கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும், நாட்டுச் சட்டப்படி சுவீகரிக்கப்பட்டோரைச் சுவீகரித்தவரின் பிள்ளைகளாகவே கருதவேண்டுமென அதன் 110 ஆம் விதியில் உரைக்கிறது.

நம் முன்னோரும் இதனை அறியாதவரல்லர். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட தேசவழமையில் சுவீகாரத்துக்கு இடமிருந்தது. சுவீகரிக்க விரும்புவோரின் உடன்பிறந்தாரும், அவர் சொத்துக்கு உரித்தாகக்கூடிய நெருங்கிய சுற்றத்தாரும் சம்மதித்து, மஞ்சள் நீரிலே விரல் தோய்ப்பர்; சாட்சிகள் முன்னிலையில் அந்நீரைக் கணவனும் மனைவியும் பருகுவர். இந்த வழக்கம் காலப்போக்கில் மறைந்தொழிந்தது. ஆயினும் அதன் உட்கருத்து பெரிது. பிள்ளையை ஏற்பது இருவர் தனித்து முடிக்கும் காரியமன்று, சுற்றம் முழுவதும் விரல் வைத்து ஒப்பவேண்டிய காரியம் என்பதே அக்கருத்து.

பின்னர் வந்த 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச்சட்டம் அதிகாரத்தை நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. பெற்றோரின் சம்மதம் உண்டா, பிள்ளையின் நன்மைக்கு உகந்ததா, பணம் கைமாறியதா என்பவற்றை நீதிபதி ஆராய்ந்தே கட்டளை வழங்கவேண்டும். கட்டளை பிறந்ததும், சட்டத்தின் கண்ணில் அப்பிள்ளை சுவீகரித்தவருக்கு முறையான திருமணத்திற் பிறந்த பிள்ளையாகிறது. ஆனால் அச்சட்டம் சில விலக்குகளையும் எழுதிவைத்தது. அவற்றுள் ஒன்றைக் கமக்காரர் குறிப்பாக மனத்திற் கொள்ளவேண்டும்: சுவீகரித்தவர் முன்னரே இறந்துவிட்டால், அவரது இடத்தில் நின்று பாட்டனாரின் முதுசத்திற் பங்கு கேட்கும் உரிமை சுவீகாரப் பிள்ளைக்குக் கொடுக்கப்படவில்லை. இதற்குப் பரிகாரம் எளிது. பாட்டனார் உயிரோடிருக்கும்போதே நொத்தாரிசு முன்னிலையில் மரணசாசனமோ நன்கொடை உறுதியோ எழுதி, பேரப்பிள்ளையின் பெயரைச் சேர்ப்பாராயின் பிற்காலத்து வழக்கு முளையிலேயே கிள்ளப்படும். நீதிமன்றக் கட்டளையேதுமின்றி வாய்ச்சொல்லால் எடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளையின் நிலை இன்னும் பரிதாபத்துக்குரியது. வளர்த்தவர் சாசனமின்றி மறைந்தால், இருபது ஆண்டுகள் அவருக்கு நீர் வார்த்த பிள்ளைக்கு ஒரு பரப்புக் காணியும் உரித்தாகாது. அன்பு மிகுதியாயிருந்தது என்பதை நீதிமன்றம் வாரிசுரிமைக்குச் சான்றாகக் கொள்ளாது.

சுவீகாரத்தைப் போற்றும்போது நாம் மறக்கக்கூடாத மற்றொரு பக்கமும் உண்டு. யாக்கோபின் நிருபம் பெற்றோரற்ற பிள்ளைகளையும் கைம்பெண்களையும் ஒருங்கே வைத்துப் பேசுகிறது. தாய்க்கு உதவாது பிள்ளையை மட்டும் எடுத்துக்கொள்வது அத்தருமத்தைப் பாதியில் வெட்டுவதாகும். 1970 களிலிருந்து 1990 கள் வரை இந்நாட்டிலிருந்து ஏறத்தாழ 11,000 குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குச் சுவீகாரமாகக் கொண்டுசெல்லப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. அவற்றுட் பலவற்றில் பொய்ப் பத்திரங்கள் தயாரிக்கப்பட்டமையும், கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்கள் தாயென நீதிமன்றில் நின்றமையும் பின்னர் வெளிப்பட்டன. 2017 இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி இவற்றைப் பகிரங்கப்படுத்தியது. 2020 இல் சுவிற்சர்லாந்து அரசு தன் அதிகாரிகளின் தவறுகளுக்கு வருத்தம் தெரிவித்தது. குழந்தையை நாடி வந்தோரிற் பலர் நல்லெண்ணமுடையோரே. எனினும் வறுமைப்பட்ட தாயொருத்தியின் கண்ணீரை அந்நல்லெண்ணம் துடைக்கவில்லை.

இன்றும் நம் நாட்டின் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளுட் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கின்றனர். அவர்களைப் பிரித்தது பெரும்பாலும் மரணமன்று, வறுமையும் குடும்பச் சிதைவுமே. அத்தகைய தாய்க்கு ஒரு தையல் இயந்திரமோ, ஒரு கறவைப் பசுவோ, வேலைக்குச் செல்லும் நேரத்திற் பிள்ளையைப் பார்க்க ஓர் ஆளோ கிடைத்தால், பிள்ளை தன் வீட்டிலேயே வளரும். திருச்சபையின் முதற்கடமை அதுவே. உண்மையாகவே வீடற்ற பிள்ளைக்கே சுவீகாரம் உரியது.

அப்படிச் சுவீகரித்த குடும்பத்துக்குத் திருச்சபை செய்யவேண்டியது யாது? பாராட்டுரை போதாது. நீதிமன்றச் செலவுக்கும் சட்ட ஆலோசனைக்கும் வசதி குறைந்தோருக்குக் கைகொடுக்க வேண்டும். பிள்ளை வீட்டுக்கு வந்த நாளில், பிள்ளை பிறந்த வீட்டுக்குச் செல்வதுபோலவே சபையார் சென்று மகிழவேண்டும். "பெரிய புண்ணியம் செய்தீர்கள்" என்று பிள்ளையின் காதுபடக் கூறுவதை நிறுத்தவேண்டும். தன் இருப்பே பிறர் செய்த தருமம் என்று நாள்தோறும் கேட்டு வளரும் பிள்ளை எங்ஙனம் நிமிர்ந்து நிற்கும்? முன்னர்ப் பட்ட துயரத்தால் பிள்ளை பள்ளியிலே முரண்டு பிடிக்கும் காலம் வரலாம். அப்போது "அந்த இரத்தம் அப்படித்தான்" என்று புறங்கூறுவோர் பலர். அந்தத் தாயோடு அமர்ந்து ஒரு மணிநேரம் பேசுவோர் சிலரே. அச்சிலராகவே சபை விளங்கவேண்டும்.

உண்மையை மறைப்பதும் நன்றன்று. மோசே அரசகுமாரியின் மகனாக வளர்ந்தான். ஆயினும் அவனைப் பாலூட்டி வளர்த்தவள் பெற்ற தாயே. தன் சகோதரர் யாரென்பதையும் அவன் அறிந்திருந்தான். பிள்ளைக்குப் புரியும் வயதில், பெற்றோர் வாயாலேயே, பெற்ற தாயை இழிவுபடுத்தாமல் உண்மை சொல்லப்படவேண்டும். ஊரார் வாயால் அறியும் உண்மை நஞ்சாகும்.

இறுதியாகச் சாதியைப் பற்றி ஒரு சொல். சுவீகாரப் பிள்ளைகளின் திருமணங்கள் நம்மிடையே தடைப்படுவதற்கு முதற்காரணம் இதுவே என்பதை யாவரும் அறிவர். உரத்துக் கூறுவோர்தான் இல்லை. ஒரே அப்பத்தைப் பகிர்ந்துண்ணும் சபையார், கோவில் வாசலைக் கடந்ததும் பிள்ளையின் "பகுதி" என்னவென்று விசாரிப்பார்களாயின், அவர்கள் பாடும் புத்திரசுவிகாரப் பாடல்கள் யாவும் வீண் ஒலியே. தாமே சுவீகாரத்தால் கடவுளின் வீட்டுக்குள் வந்தோம் என நம்புவோர், அதே வாசலால் வந்த மற்றொரு பிள்ளையின் பூர்வீகத்தைத் தோண்டலாமா?

அன்று சுற்றத்தார் மஞ்சள் நீரிலே விரல் தோய்த்தனர். இன்று நீதிமன்றக் கட்டளைக்கு அந்த நீர் வேண்டியதில்லை. சுற்றத்தின் சம்மதமோ என்றும் வேண்டியதே. குருமாரும் போதகரும் மறையுரைகளில் இதனை எடுத்துரைக்கட்டும். மூப்பர் தம் பிள்ளைகளின் கலியாணங்களில் இதனைச் செய்து காட்டட்டும். காணியுடையோர் இவ்வாண்டு முடியுமுன் நொத்தாரிசைச் சென்று காணட்டும்.