இரண்டாவது சாவி எங்கே?



இந்த வாரம் நாம் சிந்திக்கப்போவது மிகச் சிறிய ஒரு பொருளைக் குறித்து. குறைந்த விலையில் பழைய கார் வாங்கும்போது நம் கைக்கு வராமலே போய்விடும் இரண்டாவது சாவியைக் குறித்து. அற்பமான காரியமாகத் தோன்றலாம். ஆனால் கொஞ்சத்தில் உண்மையாயிருப்பதைப் பற்றி ஆண்டவர் பேசியது இப்படிப்பட்ட அற்பக் காரியங்களை மனதில் வைத்துத்தான் என்று நான் எண்ணுகிறேன்.

கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் நெடுஞ்சாலை ஓரங்களில் ‘ஆட்டோ கன்சல்டிங்’ என்ற பலகையோடு பழைய வண்டிகள் வரிசையாக நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு அங்கே கார் வாங்குகிறவர்கள் ஆடம்பரத்திற்காக வாங்குவதில்லை. மூட்டுவலியுள்ள தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல, மழைக்காலத்தில் பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விட, விசைத்தறிப் பட்டறையிலிருந்து இரவுப் பணி முடிந்து வீடு திரும்ப வாங்குகிறார்கள். விலை பேசி, முன்பணமும் கொடுத்தான பிறகு விற்பவர் மெதுவாகச் சொல்வார்: “ஒரு சாவிதானுங்க இருக்குது. இன்னொண்ணு வீடு மாத்தறப்ப எங்கயோ போயிருச்சுங்க. அதனால என்னங்க, டூப்ளிகேட் போட்டுக்கலாம்.” வாங்குபவரும் தலையசைத்துவிடுவார்.

அந்தத் தலையசைப்பு தவறு என்பதே என் கருத்து. சாவி குறைந்த வண்டி, குறைபாடுள்ள வண்டி. டயர் தேய்ந்திருந்தால் விலையில் குறைக்கிறோம். பேட்டரி பழுதென்றால் மாற்றித் தரச் சொல்கிறோம். சாவியை மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்? விற்பனை முடிவதற்கு முன்பே, விற்பவரின் செலவிலோ அல்லது அவர் விலையில் குறைத்துக்கொண்ட தொகையிலோ, அந்தக் குறை நிவர்த்தியாக வேண்டும். அப்படி வேண்டும் என்பதற்குக் காரணங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, இன்றைய சாவி வெறும் இரும்பு அல்ல. நமக்கு அண்டையிலுள்ள திண்டுக்கல்லின் பூட்டுகள் 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றன. கைவேலையால் உருவாகும் அந்தப் பூட்டில் நெம்புகோல்களின் அமைப்பும் சாவியின் வெட்டும் ஒன்றோடொன்று பொருந்துவதே இரகசியம். பழைய மாருதி 800இன் சாவியும் அந்த வகைதான். வெட்டு பொருந்தினால் வண்டி ஓடும். ஆனால் அதற்குப் பின் வந்த பெரும்பாலான கார்களில் சாவியின் தலைப்பகுதிக்குள் ஒரு சிறிய ‘சிப்’ பதிந்திருக்கிறது. சாவி போடும் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அந்தச் சிப்பின் எண்ணைப் படித்து, வண்டியின் கணினிக்கு அறிவிக்கிறது. கணினிக்குத் தெரிந்த எண்ணாக இருந்தால் மட்டுமே இயந்திரம் இயங்கும். இதையே ‘இம்மொபிலைசர்’ என்கிறார்கள். ஆகவே சாலையோரத்தில் வெட்டித் தரும் மாற்றுச்சாவி கதவைத் திறக்கும், வண்டியைக் கிளப்பாது. ரிமோட் பொத்தான் வேலை செய்கிறதே என்றும் ஆறுதலடைய வேண்டாம். ரிமோட் வேறு, சிப் வேறு.

இரண்டாவது, காணாமற்போனதாகச் சொல்லப்படும் சாவி உண்மையில் எங்கே இருக்கிறது? அது குப்பையிலோ கிணற்றிலோ கிடக்கலாம். அல்லது முந்தைய உரிமையாளரின் மைத்துனரிடமோ, பழைய ஓட்டுநரிடமோ, பட்டறையின் ஆணியிலோ தொங்கிக்கொண்டிருக்கலாம். மூன்றாவதாக ஒரு சாத்தியமும் உண்டு. அதைப் பலர் நினைப்பதே இல்லை. வண்டிக்குக் கடன் கொடுக்கும் நிதியாளர்கள் சிலர் ஒரு சாவியைத் தங்களிடமே வைத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் ‘தொலைந்த’ சாவி தொலையவில்லை. கட்டப்படாத தவணைக்காகக் காத்திருக்கிறது. தவணை தவறினால், உங்கள் வாசலில் நிற்கும் வண்டியை ஒரு நாள் காலையில் யாரோ அதன் சொந்தச் சாவியாலேயே ஓட்டிச் சென்றுவிடக்கூடும். எனவே இரண்டாவது சாவி இல்லை என்று கேட்டவுடன் ஆர்.சி. புத்தகத்தில் கடன் அடமானக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கடன் தீர்ந்ததற்கான தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் கையில் வராமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதிருங்கள்.

மூன்றாவது, காலம். ஒரு சாவியாவது கையிலிருக்கும்போது இன்னொன்றைப் பதிவு செய்வது எளிது. அதுவும் தொலைந்துவிட்டால் கணினியையே புதிதாக அமைக்க வேண்டியிருக்கலாம். வண்டியை இழுவை வாகனத்தில் ஏற்றிச் செல்லவும் நேரிடும். எனவே மாற்றுச்சாவி செய்வதற்கு ஏற்ற நாள் வண்டி வாங்கும் நாளே. அப்போதும் ஒரு வேறுபாட்டை அறிந்திருங்கள். இருக்கிற சிப்பின் எண்ணை அப்படியே நகலெடுத்துத் தருவது ஒரு முறை; அது மலிவு. ஆனால் அதனால் தொலைந்த சாவி செல்லாததாகாது. வண்டியின் கணினியில் கையிலுள்ள சாவியையும் புதிய சாவியையும் பதிந்து, மற்றவற்றை அழித்துவிடுவது இன்னொரு முறை. அதைச் செய்யும்படி தெளிவாகக் கேளுங்கள். எத்தனை சாவிகள் பதிவாகியுள்ளன என்பதைப் பல வண்டிகளில் ஸ்கேனர் கருவியே காட்டிவிடும். அப்படி அழித்த பின்னும் பழைய சாவி கதவைத் திறக்கும். ஆனால் வண்டியை ஓட்ட முடியாது. அதுவும் வேண்டாமென்றால் லாக் செட்டையே மாற்ற வேண்டும். புது வண்டியோடு கொடுக்கப்படும், சாவி எண் பொறித்த சிறிய தகட்டையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். அதுவும் ஆர்.சி.யும் அடையாள அட்டையும் இருந்தால், நிறுவனத்தின் சேவை மையத்தில் புதிய சாவி கேட்பது எளிதாகும்.

“ஒரு லட்ச ரூபாய் வண்டிக்குச் சாவிக்கென்று சில ஆயிரம் செலவழிக்கவா?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஏழை எளியவர்களுக்கு அந்த ஆயிரங்கள் ஒரு மாத மளிகைக் கணக்கு. சிப் இல்லாத பழைய வண்டியென்றால் சில நூறு ரூபாயில் ஒரு நல்ல மாற்றுச்சாவி போதும். அதற்குமேல் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். சிப் உள்ள வண்டியென்றால், செலவு வாங்குபவரின் தலையில் விழக் கூடாது என்பதே என் வாதம். அந்தத் தொகையை விலையிலேயே கழித்துப் பேச வேண்டும். சேவை மையத்திலோ நம்பகமான சாவித் தொழிலாளியிடமோ செலவை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால், பேரம் யூகமாக இராது, கணக்காக இருக்கும்.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார் களவுபோனால், காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாக இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்கின்றன. ஒன்று இல்லையென்றால் அலட்சியம் என்ற கேள்வி எழுகிறது, இழப்பீடு இழுபடுகிறது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தவர்களுக்குக் களவுக்கு இழப்பீடே இல்லை. அவர்களுக்கு இந்தக் கவலையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. முழுக் காப்பீடு எடுப்பவர்கள், சாவி இல்லாத நிலையில் வாங்கியதையும் புதிய சாவி செய்ததையும் காட்டும் இரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

இப்போது சாவியைவிடப் பெரிய ஒன்றுக்கு வருகிறேன். எருசலேம் பாபிலோனியரால் முற்றுகையிடப்பட்டிருந்தபோது, காவலில் வைக்கப்பட்டிருந்த எரேமியா தன் உறவினனாகிய அனாமெயேலிடமிருந்து ஆனதோத்திலிருந்த நிலத்தை வாங்கினார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்தார், சாட்சிகளை வைத்தார், பத்திரம் எழுதினார். முத்திரையிடப்பட்டது ஒன்று, திறந்திருந்தது ஒன்று என இரண்டையும் மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தும்படி பாருக்கிடம் ஒப்புவித்தார். நாடே கைவிட்டுப் போகும் நாளில், அற்ப விலைக்கு வாங்கிய நிலத்துக்கும் அந்த தீர்க்கதரிசி குறைவில்லாமல் ஆவணம் செய்தார். விலை மலிவென்பதால் ஒழுங்கு மலிவாகவில்லை.

நம்மிடமோ சாவி கைமாறினாலே வண்டி கைமாறிவிட்டது என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, மாநிலத்திற்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29உம் 30உம் அதற்காகத்தான். நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கில் 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை எண்ணிப்பாருங்கள். 2009இல் ஒரு கார் மோதிச் சிறுவன் ஒருவன் இறந்தான். அந்தக் கார் அதற்குள் ஒருவர் பின் ஒருவராகப் பலரிடம் விற்கப்பட்டிருந்தது. பதிவேட்டில் மட்டும் முதல் உரிமையாளரின் பெயரே இருந்தது. இழப்பீட்டுப் பொறுப்பு பதிவிலுள்ள உரிமையாளருடையதே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாவியைக் கொடுத்துவிட்டதால் அவர் விடுபடவில்லை.

நம் நகரத்திலும் இதை உணர்த்திய நாள் ஒன்று உண்டு. 2022 அக்டோபர் 23 அன்று விடியுமுன் உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோவில் முன்பாக வெடித்துச் சிதறியது பலர் கைமாறிய ஒரு பழைய மாருதி கார். அதன் முந்தைய உரிமையாளர்களைக் காவல்துறையினர் ஒவ்வொருவராகத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. எங்கோ எப்போதோ விற்ற வண்டிக்காக நம் வீட்டுக் கதவு தட்டப்படக்கூடும் என்பதை அந்நாளில் கோவை கண்டுகொண்டது. பழைய வாகன வணிகர்கள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும், வண்டி தங்களிடம் வந்ததைப் பதிவு செய்ய வேண்டும் என்ற மத்திய விதிகளும் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. சான்று இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அருமையானவர்களே, விற்கிறவர்களாக இருப்பவர்களுக்கே நான் அதிகமாகச் சொல்ல விரும்புகிறேன். வாங்குபவர் பொருளைப் பழித்துப் பேசிவிட்டு, பின்பு மலிவாக வாங்கியதைப் பற்றிப் பெருமைப்படுவதை நீதிமொழிகள் கண்டுகொண்டது. விற்பவரின் மௌனத்தையும் அதே நூலின் கள்ளத்தராசு பற்றிய எச்சரிக்கை கண்டிக்கிறது. சாவி ஒன்றுதான் இருக்கிறது என்பதை முன்பணம் வாங்கிய பிறகு சொல்வது பொய்யல்ல, ஆனால் உண்மையுமல்ல. வாங்குபவர் விலகிச் செல்ல இயலாத நேரம் பார்த்துச் சொல்லப்படும் உண்மை, உண்மையின் வேலையைச் செய்வதில்லை. முதல் நாளிலேயே சொல்லுங்கள். வீட்டு அலமாரியை ஒருமுறை தேடிப்பாருங்கள். நிதியாளரிடம் இருந்தால் கடனைத் தீர்த்து வாங்கிக் கொடுங்கள். விற்ற பிறகு கிடைத்தால், தேடிப் போய்க் கொடுங்கள். அந்த ஒரு நடை, உங்களைப் பற்றி அந்தக் குடும்பம் காலமெல்லாம் பேசும் சாட்சியாக இருக்கும்.

வாங்குகிறவர்களே, கேட்கக் கூச்சப்படாதிருங்கள். “அண்ணா, இரண்டாவது சாவி எங்கேங்க?” என்ற கேள்வி அவமதிப்பல்ல. பதில் தயங்கினால், அந்தத் தயக்கமே உங்களுக்கு ஒரு பதில். சாவி, சாவியின் எண், கடன் தீர்ந்த சான்று, பெயர் மாற்றம் ஆகிய இந்த நான்கும் கைக்கு வந்த பிறகே வண்டி உங்களுடையது.

இந்த வாரம் யாராவது உங்களிடம் பழைய வண்டி வாங்க ஆலோசனை கேட்டால், இந்தக் கேள்வியை அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். உங்கள் போக்கையும் உங்கள் வரத்தையும் கர்த்தர் காத்தருளுவாராக. ஆமென்.